சுவாமிமலைப் பஞ்சலோகச் சிலை: காசு கொடுக்கும் முன் மண்ணைப் பற்றிக் கேளுங்கள்

கும்பகோணத்திலிருந்து சுவாமிமலைக்குப் போகும் சாலையில் இரண்டு பக்கமும் சிலைக் கடைகள். எல்லாக் கடையிலும் நடராசர் நிற்கிறார், எல்லாக் கடைக்காரரும் பஞ்சலோகம் என்கிறார், எல்லாரும் சோழர் காலத்து ஸ்தபதி பரம்பரைதான். ஆனால் ஒரே உயரப் பிள்ளையாருக்கு இந்தக் கடையில் சொல்லும் விலையும் நாலு கடை தள்ளிச் சொல்லும் விலையும் ஒட்டவே ஒட்டாது. பேரம் பேசத் தெரியாததால் ஏமாறுவதைவிட, எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரியாமல் ஏமாறுவதே இங்கே அதிகம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மெழுகைக் கையால் பிடித்து, காவிரி வண்டலைப் பூசி, உள்ளே வெற்றிடம் இல்லாமல் கனமாக வார்த்து, உளியால் முடித்த சிலை என்றால் சொல்லும் விலைக்குத் தகும். ரப்பர் அச்சில் மெழுகை ஊற்றி எடுத்த சிலைக்கு அந்த விலையில் பாதிக்கு மேல் கொடுக்கத் தேவையில்லை. வெளியூரிலிருந்து வந்த பித்தளையைச் சுவாமிமலைப் பெயரில் வைத்திருந்தால், அதை உங்கள் ஊர்ப் பாத்திரக் கடையிலேயே மலிவாக வாங்கிக்கொள்ளலாம். மூன்றும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும்.

இந்த ஊரில் தாமிரம் விளையவில்லை. தஞ்சை டெல்டா முழுக்கத் தோண்டினாலும் உலோகத் தாது கிடையாது. கல்லும் கிடையாது. பெரிய கோயிலுக்கே கல்லை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டியிருந்தது. தாமிரம், ஈயம், மெழுகு, மெழுகோடு சேர்க்கும் குங்கிலியப் பிசின் எல்லாமே வெளியூர்ச் சரக்கு. இருந்தும் தென்னாட்டின் சிறந்த உலோகச் சிலைகள் உலோகமே இல்லாத இந்த மண்ணில் பிறந்திருக்கின்றன. அதற்கு ஆறுதான் காரணம். மெழுகுச் சிலைக்கு மேல் பூசும் மண்ணை ஆறு கொடுத்தது. அதைவிட முக்கியமாக, சிலை வாங்கும் ஆளையும் ஆறே கொடுத்தது.

மண்ணை முதலில் பார்ப்போம். குடகில் தலைக்காவிரியில் பிறந்து சுமார் 800 கிலோமீட்டர் ஓடும் காவிரி, முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரித்துவிடுகிறது. கல்லணையில் வெண்ணாறு பிரிகிறது. அதன் பிறகு குடமுருட்டி, அரசலாறு, திருமலைராசன், வீரசோழன் என்று கிளைமேல் கிளை. ஒவ்வொரு பிரிவிலும் தண்ணீர் குறைகிறது, சரிவு குறைகிறது, வேகமும் குறைகிறது. வேகம் குறைந்த ஆறு முதலில் கனமானதைக் கீழே போடும். அதனால்தான் திருச்சிப் பக்கம் பருமணல், கிழக்கே வர வர நைசான வண்டல். கும்பகோணத்தைச் சுற்றி ஆற்றங்கரையில் படிகிற வண்டலை விரலிடையில் தேய்த்தால் மாவு மாதிரி வழுக்கும், நெருடாது.

மெழுகு உருவத்தின் மேல் மண்ணைப் பூசிச் சுட்டு, மெழுகு உருகிப் போன வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவதுதான் இந்த வார்ப்பு. அதற்கு வேண்டிய மண்ணுக்கு மூன்று குணம் வேண்டும். மெழுகில் ஊசியால் கீறிய கோட்டைக்கூட அச்சாக வாங்க வேண்டும். காயும்போது சுருங்கி வெடிக்கக் கூடாது. உலோகம் உள்ளே பாயும்போது கிளம்பும் ஆவியையும் காற்றையும் வெளியே விட வேண்டும். வெறும் களிமண் கோட்டை நன்றாக வாங்கும், ஆனால் காய்ந்தால் வெடிக்கும். வெறும் மணல் வெடிக்காது, ஆனால் கோட்டை வாங்காது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது வண்டல். நடராசர் சடையின் ஒவ்வோர் இழையும், அம்மன் இடுப்பு மேகலையின் ஒவ்வொரு மணியும் மெழுகை ஒட்டிப் பூசும் மூன்று மில்லிமீட்டர் மண்ணை நம்பித்தான் இருக்கின்றன. தாராசுரம் கோயில் வேலைக்கு வந்த ஸ்தபதிகள் மண்ணைப் பார்த்துவிட்டு இங்கேயே தங்கிவிட்டார்கள் என்று சுவாமிமலையில் சொல்வதுண்டு. அதற்குப் பத்திரம் எதுவும் இல்லை. ஆனால் பட்டறைகள் ஆற்றை ஒட்டியே அமைந்திருப்பது கண்ணுக்கு நேராகத் தெரிகிறது.

இனி வாங்குகிறவரின் கதை. டெல்டாவில் நெல் மிஞ்சியது. மிஞ்சிய நெல் கோயிலுக்குப் போனது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் எந்த ஊர் எவ்வளவு நெல் அளக்க வேண்டும் என்று பட்டியலே இருக்கிறது. கோயிலில் மூலவர் கல், நகர மாட்டார். ஊர்வலத்துக்கும், தேருக்கும், ஆற்றுக்குத் தீர்த்தவாரி போவதற்கும் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு மேனி வேண்டும். உலோகத் திருமேனிக்கான தேவை அங்கேதான் பிறந்தது. ஐப்பசியில் மயிலாடுதுறைத் துலாக்கட்டத்துக்குச் சுற்றுவட்டாரக் கோயில் உற்சவர்கள் எழுந்தருள்கிறார்களே, அவ்வளவு பேரும் வார்ப்புச் சிலைகள்தான். கோயிலுக்குக் கோயில் சோமாஸ்கந்தர், அம்மன், நடராசர், சண்டிகேசுவரர், நாயன்மார் என்று ஒரு வரிசை. நாலு மைலுக்கு ஒரு கோயில் இருக்கும் நாட்டில் ஒரு பட்டறைக்கு வேலை ஓயவே ஓயாது. வேலை ஓயாத இடத்தில்தான் கை தேறும்.

இந்தக் கை சைவத்துக்கு மட்டும் ஊழியம் செய்ததும் இல்லை. நாகப்பட்டினத்தில் 1856 முதல் தோண்டி எடுத்த பௌத்த உலோகப் படிமங்கள் சுமார் 350. துறைமுகத்துக்கு வந்த வணிகர்களின் வழிபாட்டுக்கும் இதே டெல்டாவில் சிலை வார்த்திருக்கிறார்கள். தாமிரத்துக்கும் கடல்வழி திறந்திருந்தது. ஆற்றின் ஒரு முனையில் நெல், மறு முனையில் கப்பல்.

சிலை வாங்கக் கிளம்புகிறவர்கள் கடைத்தெருவுக்கு முன்னால் தஞ்சை அரண்மனையில் உள்ள கலைக்கூடத்தில் ஒரு மணி நேரம் செலவழிப்பது நல்லது. காவிரி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்துத் திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த ரிஷபவாகனர் அங்கே இருக்கிறார். 1011ஆம் ஆண்டு வேலை. பக்கத்தில் நிற்கும் அம்மன் மறு வருடத்தது. ரிஷபம் கிடைக்கவில்லை. இல்லாத காளையின் மேல் சாய்ந்தபடி கை மட்டும் நிற்கிறது, அந்தச் சாய்வில் ஒரு பிசகும் தெரியாது. முன்பக்கம் எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் பின்பக்கம் போய்ப் பாருங்கள். தலையில் சுற்றிய சடை, முதுகெலும்புப் பள்ளம், இடுப்புத் துணியின் முடிச்சு எல்லாம் முன்பக்க அளவுக்கே முடித்திருக்கும். இதைப் பார்த்த கண்ணோடு கடைக்குப் போனால் பாதிச் சிலைகள் தானாகவே கழிந்துவிடும். மட்டமான வேலையில் முதுகு பலகை மாதிரி இருக்கும்.

இப்போது பட்டறைக்குள். அளவில்தான் வேலை தொடங்குகிறது. செய்ய வேண்டிய உயரத்துக்குத் தென்னங்கீற்றிலிருந்து ஓர் ஓலையைக் கிழித்து, அதைப் பங்கு பங்காக மடித்துக்கொள்வார்கள். அந்த மடிப்புதான் அளவுகோல். சிவன், திருமால் போன்ற பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாலம், அதாவது உச்சி முதல் பாதம் வரை 124 பங்கு. அம்மனுக்கு மத்திம தசதாலம், 120 பங்கு. பிள்ளையாருக்குப் பஞ்சதாலம். முகத்தின் நீளம்தான் ஒரு தாலம் என்பதால், கடையில் இருக்கும் சிலையையும் ஒரு நூலை வைத்துச் சோதிக்கலாம். நின்ற சிவனின் முகநீளத்தை எடுத்து உடம்பில் அடுக்கிப் பாருங்கள். ஏழெட்டிலேயே பாதத்துக்கு வந்துவிட்டால் தலை பெருத்த சிலை. கண்ணுக்கு ஏதோ இடிக்கிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மெழுகு என்றால் தேன்மெழுகோடு குங்கிலியமும் கொஞ்சம் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சியது. குங்கிலியம் கூடினால் விறைத்து ஒடியும், எண்ணெய் கூடினால் வெயிலில் தொய்யும். சித்திரை வைகாசியில் குங்கிலியத்தைச் சற்றுத் தூக்கிப் போடுவார்கள். தலை, உடம்பு, கைகள், ஆயுதங்கள் எல்லாம் தனித்தனியாகப் பிடித்து, சூட்டுக்கோலால் ஒட்டி, அவ்வப்போது தண்ணீரில் போட்டு இறுக்குவார்கள். பீடமும், சிலையைச் சுற்றி வளைவாக நிற்கும் திருவாசியும் எப்போதுமே தனி. மெழுகு உருவம் முடிந்ததும் அதில் மெழுகுத் தண்டுகள் சில ஒட்டப்படும். உலோகம் நுழைய வழி, காற்று வெளியேற வழி. மெழுகை எடை போடுவதும் இந்தக் கட்டத்தில்தான். மெழுகின் எடையைப்போலச் சுமார் ஒன்பது மடங்கு உலோகம் வேண்டும், வழிந்து போவதற்கென்று இன்னும் கொஞ்சம். இந்தக் கணக்கு உங்களுக்கும் உதவும். ஆர்டர் கொடுத்தவர் மெழுகு நிலையில் பட்டறைக்குப் போய் எடையைக் குறித்துக்கொண்டால், பிறகு உலோக எடை பற்றி வாக்குவாதமே வராது. கை, முகம், உயரம் எதையும் மாற்றச் சொல்வதானாலும் அன்றோடு சரி. அதற்கப்புறம் ஒரு விரல்கூட மாறாது.

அடுத்தது மண். சலித்த வண்டலோடு உமிக்கரியும் சாணமும் சேர்த்து அரைத்த குழம்பு முதல் பூச்சு. இதைத் தூரிகையாலும் விரலாலும் ஒவ்வொரு மூலைக்குள்ளும் தொட்டுத் தொட்டு வைப்பார்கள். எங்காவது ஒரு காற்றுக்குமிழ் சிக்கினால் அங்கே உலோகம் புகுந்து சிலையில் மரு மாதிரி உருண்டை நிற்கும். மெல்லிய பூச்சாக வைத்து நிழலில் காயவிட்டு, மறுபடி பூச வேண்டும். வெயிலில் வைத்தால் உள்ளே மெழுகு இளகும், வெளியே மண் வெடிக்கும். அடுத்த பூச்சு வயல் களிமண்ணும் மணலும். அதற்கும் மேலே இன்னும் பருமனான கலவை, பெரிய சிலை என்றால் இரும்புக் கம்பிகளால் கட்டு. கவனித்தால் தெரியும், மண், உமி, சாணம், வயல் களி என்று உலோகத்தைத் தாங்கும் கூடு முழுக்க நெல் விளையும் நிலத்தின் சரக்கு.

காய்ந்த கூட்டை வரட்டி அடுக்கிச் சுடும்போது மெழுகு உருகி வெளியேறும், உள்ளே வெற்றிடம் நிற்கும். கூடு சூடாக இருக்கும்போதே மண்ணில் புதைத்து, வாயை மேலே வைத்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் உருகிய உலோகத்தை மூசையிலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றுவார்கள். தாரை இடையில் அறுந்துவிடக் கூடாது. நடுவில் நின்று மறுபடி ஊற்றினால் இரண்டு ஊற்றுக்கும் இடையில் ஒட்டாத கோடு விழும். உலோகம் ஆறியிருந்தால் விரல் நுனி, சடை நுனி போன்ற ஒடுங்கிய இடங்களுக்குப் போகாமலே நின்றுவிடும். கூட்டில் ஈரம் மிச்சமிருந்தால் ஆவி கிளம்பி உலோகத்துக்குள் ஊசித்துளைகள். ஆறிய பிறகு கூட்டை உடைக்க வேண்டும், அதனால் இன்னொரு பிரதி கிடையாது. அதன்பின் உளி, அரம், உப்புத்தாள். பட்டறை வேலையில் பெரும்பகுதி நேரம் போவது இங்கேதான். கடைசியில் கண் திறப்பு.

எவ்வளவு பெரிய சிலைக்கும் இதே முறைதான். 2023இல் டெல்லி பாரத் மண்டபத்தின் முன் வைத்த 27 அடி, 18 டன் நடராசரும் சுவாமிமலையில் இதே மெழுகு வார்ப்பில் செய்ததுதான்.

கடையில் என்ன பார்ப்பது? முதலில், அதே அளவில் அதே சாமியின் இரண்டு சிலைகளைப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். கையால் பிடித்த மெழுகு என்றால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கலாம், இரட்டைப் பிள்ளைகளாக இருக்க முடியாது. புருவ வளைவும் விரல் இடைவெளியும் அச்சு அசலாக ஒத்துப்போனால் ரப்பர் அச்சு. விலாவிலும் கையின் உட்பக்கத்திலும் தலை முதல் கால் வரை மெல்லிய கோடு அரத்தால் தேய்த்த தடத்தோடு தெரிந்தால், அது இரண்டு பாதி அச்சின் சேர்க்கை. ரப்பர் அச்சு பாவம் ஒன்றும் இல்லை. பூஜை அறைக்கு ஆறு அங்குலச் சிலை போதும் என்பவருக்கு அது நியாயமான சரக்கு. அந்த விலை சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, கைப்பேசி விளக்கைப் போட்டு அக்குள், இரு தொடைக்கு நடுவில், திருவாசிச் சுடர்களின் அடி, பீடத்தின் கீழ்ப்பக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். ஊசித்துளை எந்த வார்ப்பிலும் ஒன்றிரண்டு இருக்கும், குற்றமில்லை. துளையை ஈயத்தாலோ பசையாலோ அடைத்துச் சாயம் தடவியிருந்தால்தான் குற்றம். அபிஷேகத்தில் ஆறு மாதம் நனைந்தால் அடைப்பு மட்டும் வேறு நிறமாகப் பல்லைக் காட்டும். ‘பழமைப் பூச்சு’ கொடுத்துக் கறுப்பாகவும் பச்சையாகவும் ஆக்கிய சிலைகளில் இது கண்ணில் படாது. அதனால் பூச்சு கொடுக்கும் முன்பே பார்க்க முடிந்தால் பாருங்கள்.

மூன்றாவது, தூக்கிய கையையும் தூக்கிய காலையும் விரலால் சுண்டுங்கள். நல்ல வார்ப்பு இழுத்து ஒலிக்கும். மொத்தென்று நின்றால் உள்ளே விரிசலோ, பிறகு பற்றவைத்த ஒட்டோ இருக்கும். நடராசரில் உயிர்நிலை வலது கணுக்கால். மொத்த எடையும் முயலகன் மேல் ஊன்றிய அந்த ஒற்றைக் காலில். அங்கே ஒட்டு தெரிந்தால் வேறு சிலை பாருங்கள். திருவாசி பீடத்துச் செருகுகுழியில் ஆடாமல் உட்கார வேண்டும். காகிதம் மடித்து முட்டுக் கொடுத்துக் காட்டும் கடைகளும் உண்டு, எடுத்துவிட்டு ஆட்டிப் பாருங்கள்.

உயரத்தில் ஒரு பழைய வித்தை இருக்கிறது. ‘இரண்டடி நடராசர்’ என்பார்கள். பீடம் அடியிலிருந்து திருவாசி உச்சி வரை இரண்டடி. சாமி மட்டும் அளந்தால் ஒன்றேகால் அடிதான் வரும். பாதம் முதல் தலைமுடி உச்சி வரை எவ்வளவு, பீடம் எவ்வளவு, திருவாசி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ராஜராஜன் காலத்துக் கணக்கர்கள் இதில் கறாரானவர்கள். பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒவ்வொரு திருமேனியும் எத்தனை முழம், எத்தனை விரல், கனமா, பொள்ளலா (உள்ளே வெற்றிடமா) என்று குறித்திருக்கிறது. அவர்கள் கேட்டதை நீங்களும் கேட்பதில் தப்பில்லை.

கனமா பொள்ளலா என்பதற்குத் தராசும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். கொக்கித் தராசில் சிலையைத் தொங்கவிட்டு எடை பாருங்கள். பிறகு தொங்கிய நிலையிலேயே வாளித் தண்ணீருக்குள் முழுக்க இறக்கி எடை பாருங்கள், அடியில் தொடக் கூடாது. தண்ணீரில் எவ்வளவு எடை குறைந்ததோ, அதனால் முதல் எடையை வகுக்க வேண்டும். 5.2 கிலோ சிலை தண்ணீரில் 4.6 ஆனால் குறைந்தது 0.6, வகுத்தால் 8.7 வருகிறது. கனமான வார்ப்பு. அதே சிலை 4.4 காட்டினால் விடை 6.5. உள்ளே மண் கருவோ வெற்றிடமோ இருக்கிறது. எட்டுக்குக் கீழே வந்தால் விளக்கம் கேளுங்கள். இந்தச் சோதனை பித்தளையையும் பஞ்சலோகத்தையும் பிரித்துக் காட்டாது, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அடர்த்தி. அடிப்பக்கம் திறந்த பொள்ளல் சிலைக்கும் இது ஆகாது, ஆனால் அதைத்தான் கவிழ்த்தாலே தெரிந்துவிடுமே.

உலோகக் கலவையைப் பற்றி நிறையக் கதை விற்கிறார்கள். இன்று நடப்பில் தாமிரம் நூற்றுக்கு 80 முதல் 85, பித்தளை 12 முதல் 15, ஈயம் 2 முதல் 4. தங்கமும் வெள்ளியும் பேருக்குத்தான். ஆர்டர் கொடுப்பவர் விரும்பினால் ஒரு பொட்டுத் தங்கத்தைத் தம் கையாலேயே மூசையில் போடலாம். அது நம்பிக்கை சார்ந்தது, சிலையின் பலத்தையோ பளபளப்பையோ மாற்றாது. ‘தங்கம் கலந்தது, அதனால் இந்த விலை’ என்றால் அதற்குத் தனிக் காசு கொடுக்க வேண்டாம். தாமிரம் போதுமா என்று அறிய, பீடத்தின் அடியில் அரத்தால் ஓர் இழுப்பு இழுக்கச் சொல்லுங்கள். புதுத் தடம் செம்பொன் நிறமாக இருந்தால் சரி. எலுமிச்சை மஞ்சளாக இருந்தால் பித்தளை தூக்கல். நகை முத்திரை மையங்களில் இருக்கும் கதிர் சோதனைக் கருவியில் வைத்தும் பார்க்கலாம், அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும் என்பதால் அரத்தால் தேய்த்த இடத்தையே காட்ட வேண்டும்.

எங்கே வாங்குவது? பட்டறையில் நேரடியாக ஆர்டர் கொடுப்பதே முதல் தேர்வு, பொறுமை இருந்தால். ஓரடிச் சிலைக்குக்கூடக் குறைந்தது ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலோக எடை கிலோவுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு, திருவாசி சேர்த்தா, வரி, பெட்டி கட்டும் செலவு எல்லாம் பிரித்து எழுதிய சீட்டு கேளுங்கள். மொத்தத் தொகையை மட்டும் சொல்கிறவரிடம் பிறகு தகராறு வரும். அரசின் பூம்புகார் விற்பனை நிலையங்களில் பேரம் கிடையாது, பில் உண்டு, ஆனால் இருக்கிற அளவில்தான் எடுக்க வேண்டும். சாலையோரக் கடைகளில் நல்லதும் கிடைக்கும் கெட்டதும் கிடைக்கும், மேலே சொன்ன சோதனைகளைச் செய்யவிடுகிற கடை நல்ல கடை. இணையத்தில் படம் பார்த்து வாங்குவதை இந்தப் பொருளுக்குப் பரிந்துரைக்க மாட்டோம். கனமும் பின்பக்கமும் படத்தில் தெரியாது.

எப்போது ஆர்டர் கொடுப்பது என்பதை ஆறே சொல்லும். வழக்கமாக மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படும். மூடிய பிறகு ஆறு வற்ற, படுகையில் படிந்த வண்டலை எடுப்பது சுலபம், காற்றும் உலர்ந்திருக்கும், கூடு நன்றாகக் காயும். தை கடைசியில் கொடுத்துச் சித்திரையில் எடுப்பதுபோல வைத்துக்கொண்டால் நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூடு காயவே காயாது. அந்த மாதங்களில் ‘பத்து நாளில் வேண்டும்’ என்று நெருக்கினால் ஈரக் கூட்டில்தான் ஊற்றுவார்கள், ஊசித்துளைக்கு நாமே காரணம்.

மண்ணுக்கும் காலம் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. 1934இல் மேட்டூர் வந்ததிலிருந்து மேலிருந்து வரும் வண்டலில் பெரும்பங்கு நீர்த்தேக்கத்திலேயே படிந்துவிடுகிறது. கீழே மணல் அள்ளுவதில் படுகை பள்ளமாகிவிட்டது. பட்டறைக்குத் தேவை கூடைக் கணக்கில்தான், லாரிக் கணக்கில் இல்லை, அதனால் இன்றைக்குத் தட்டுப்பாடு என்று சொல்ல முடியாது. ஆனால் முதல் பூச்சுக்கு எந்த மண் என்று ஸ்தபதியிடம் கேட்டுப் பாருங்கள். எந்தத் துறை, எந்தக் கரை, எத்தனை முறை சலித்தது என்று பேச்சு நீண்டால் அந்தப் பட்டறையை நம்பலாம். ‘ஏதோ மண்ணு சார்’ என்றால் அடுத்த கதவைத் தட்டுங்கள்.

கையில் அவ்வளவு காசு இல்லை, காவிரி மண்ணில் வார்த்த ஒன்று வேண்டும் என்றால் கும்பகோணத்துக்குத் தென்கிழக்கே நாச்சியார்கோவில் போய்க் குத்துவிளக்கு வாங்குங்கள். இதுவும் வண்டலை அச்சாகக் கொண்ட வார்ப்புதான், ஆனால் பித்தளை, ஒரே மாதிரியை வைத்துப் பல பிரதி, கடைசல் எந்திரத்தில் முடிப்பு. அடி, தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே அன்னம் நிற்கும் முகப்பு என்று நான்கு பாகமும் மரைபோட்டுச் சேரும். வாங்கும்போது நான்கையும் கழற்றி மறுபடி மாட்டிப் பாருங்கள். மரை கடைசிச் சுற்று வரை இறுகாவிட்டால் விளக்கு சாயும், எண்ணெய் ஒரு பக்கமாக வழியும். தட்டில் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் வைத்தால் ஒழுகுமா என்பது தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்த சிலையைப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்க்காதீர்கள். புளி மட்டும் போதும், அதுவும் வருடத்துக்கு ஓரிரு முறை. பொடி முகத்தைத் தேய்த்துவிடும், முதலில் போவது மூக்கும் உதட்டுக் கோடும். அபிஷேகத்துக்குப் பின் மடிப்புகளில் பாலும் சந்தனமும் தங்கினால் பச்சைக் களிம்பு பிடிக்கும், மெல்லிய தூரிகையால் எடுத்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து நிழலில் வைக்க வேண்டும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் பில்லோடு, இது தொல்பொருள் அல்ல என்ற சான்றையும் இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலையை நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது. பழமைப் பூச்சு கொடுத்த புதுச் சிலையை விமான நிலையத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டால் பட்டறைச் சீட்டு மட்டும் போதாமல் போகலாம். சான்றுக்குப் படமும் அளவும் கொடுக்க வேண்டும், அதனால் பெட்டியில் ஆணி அடிக்கும் முன்பே முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.